ஓடிஜி குமிழில் இருக்கும் படங்களுக்கு என்ன அர்த்தம்?

வணக்கம் மக்களே, அக்கா வீடு மாறிப் போகும்போது தன் 40 லிட்டர் ஓடிஜியை (கேக் சுட, டோஸ்ட், கிரில் செய்ய உதவும் மின்சார அவன்) எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார், கூடவே வர வேண்டிய கையேடு மட்டும் வரவில்லை. சூட்டுக்கும் நேரத்துக்கும் உள்ள குமிழ்கள் புரிகின்றன. நடுவில் இருப்பதுதான் தலைவலி: மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இரண்டு கோடு, அப்புறம் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு விசிறி. கோடு என்றால் சூடாக்கும் ராடு, அதுவரை சரி.

போன ஞாயிற்றுக்கிழமை ரவை கேக் வைத்தேன். விசிறிப் படத்தில் திருப்பி, 180 டிகிரி, 35 நிமிடம். 20 நிமிடத்திலேயே மேலே வெடித்து, ஓரம் கருகி, குச்சியை விட்டுப் பார்த்தால் நடுவில் கூழ் மாதிரி மாவு ஒட்டிக்கொண்டு வருகிறது. விசிறி ஓடினால் 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. டின்னை மேல் தட்டில் வைத்ததும் என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

கேக்குக்கு விசிறி இல்லாமல் இரண்டு ராடும் போதுமா, இல்லை கீழ் ராடு மட்டும் போட்டுக் கடைசி 5 நிமிடம் மேல் ராடா? பனீர் டிக்காவுக்கு மேல் ராடு மட்டும் என்று நினைக்கிறேன், சரியா? இன்னொன்று, சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. சூடு எட்டியதும் ராடு தானாக நின்று, குறைந்ததும் மறுபடி எரியும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அப்படியென்றால் முதல் தடவை அணைந்ததுமே மாவை உள்ளே வைத்துவிடலாமா, அல்லது தனியாக ஒரு அவன் தெர்மாமீட்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? சனிக்கிழமை பையனுக்குப் பிறந்தநாள், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.