ஒரு தைலமரம் நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?

ஏந்தல்காரன்:
புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க்கு மேற்கே முழுக்கத் தைலமரக்காடு, யூகலிப்டஸ்தான். அப்பா காலத்தில் ஐப்பசி மழைக்கே கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழியுமாம். போன வருஷம் மழைக்குக் குறைவில்லை, ஆனால் கண்மாயில் முழங்கால் அளவுகூட நிற்கவில்லை. ஒரு மரம் நாளைக்கு 40 லிட்டர் குடிக்கிறதாக வாட்ஸப்பில் வருகிறதே, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினால் என்ன?

சவுக்குத்தோப்பு:
அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம் அண்ணே. மூன்று மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 900 மரம். 40 லிட்டர் வீதம் வருஷத்துக்கு 1 கோடியே 31 லட்சம் லிட்டர். 900 மி.மீ. மழை பெய்தாலும் ஒரு ஏக்கரில் விழுவது 36 லட்சம் லிட்டர்தான். இல்லாத தண்ணீரை மரம் எங்கே போய்க் குடிக்கும்? என்னிடமும் நாலு ஏக்கர் தைலமரம் இருக்கிறது. முதல் கோடையில் ஊற்றியதோடு சரி. பக்கத்து நெல்வயலில் ராப்பகலாக மோட்டார் ஓடுகிறது, அதை யாரும் கேட்பதில்லை.

நீலமலை:
40 லிட்டர் கதை தப்புதான். ஆனால் எங்கே போய்க் குடிக்கும் என்றால், கீழே போய்க் குடிக்கும். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் அளந்து பார்த்தபோது, பெய்த மழையைவிட அதிகமாகவே தைலமரம் எடுத்திருந்தது. வேர் ஆழமாக இறங்கி, மண்ணில் எப்போதோ சேர்ந்த ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. நீலகிரி கிளன்மார்கனில் புல்வெளி ஓடைப்பகுதி ஒன்றில் 59 சதவீத நிலத்தில் தைலமரம் வைத்தார்கள். முதல் 10 ஆண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையில் மறுதாம்பு துளிர்க்க விட்ட அடுத்த 10 ஆண்டில் 25 சதவீதம்.

சவுக்குத்தோப்பு:
புல் இருந்த இடத்தில் மரம் வைத்தால் பொதுவாகவே வரத்து குறையும் சார். அதே கர்நாடக ஆய்வுகளில், அங்குள்ள இயற்கையான இலையுதிர் காட்டைவிடத் தைலமரம் பெரிதாகக் கூடுதலாக எடுக்கவில்லை. கேழ்வரகோடு ஒப்பிட்டபோதுதான் இரண்டு மடங்கு. அதை விட்டுவிட்டீர்களே.

நீலமலை:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கேள்வி ஏந்தல்காரனுக்கு: முன்னே அங்கே என்ன இருந்தது?

ஏந்தல்காரன்:
மேய்ச்சல் தரை. ஓரத்தில் கொஞ்சம் முந்திரி.

வரத்துவாரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மரங்களுக்கு இடையே கரை போட்டிருக்கிறார்களா பாருங்கள் தம்பி. பெய்கிற மழை காட்டைவிட்டு வெளியே ஓடாதபடி மண்ணை வெட்டி அணைத்துவிடுவது உங்கள் பக்கம் உண்டு. வானம் பார்த்த கண்மாய்க்கு ஓடிவருகிற தண்ணீர்தான் உயிர். மரம் குடித்தது பாதி என்றால் ஜேசிபி குடித்தது பாதி.

ஏந்தல்காரன்:
இன்று காலை போய்ப் பார்த்தேன். இடுப்பளவு கரை. உள்பக்கம் தண்ணீர் நின்று காய்ந்த வண்டல், அப்பளம் மாதிரி வெடித்துச் சுருண்டு கிடக்கிறது. வெளிப்பக்கம் வெறும் செம்மண். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்த வாரி, நாங்கள் சின்ன வயதில் கெண்டை பிடித்தது, எங்கே என்றே தெரியவில்லை.

சவுக்குத்தோப்பு:
அப்புறம் என்ன? கரையை உடையுங்கள், மரத்தை விடுங்கள்.

நீலமலை:
கரையை உடைத்தால் ஓடுகிற தண்ணீர் வரும். கிணற்றுக்கு? வேர் உறிஞ்சிக் காய்ந்த மண், முதல் மழைகளைத் தானே இழுத்துக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் 1998 தண்ணீர்ச் சட்டம், வணிக மரத்தோப்பு வளர்ப்பதையே ஓடை நீரைக் குறைக்கும் வேலை என்று வகைப்படுத்தி உரிமத்துக்குள் கொண்டுவந்தது.

சவுக்குத்தோப்பு:
உரிமமா! முதலில் கரும்புக்குப் போடுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்.

ஏந்தல்காரன்:
கிராம சபையில் இப்போதைக்குக் கரையைப் பற்றி மட்டும் மனு கொடுக்கிறோம். மரத்தைப் பற்றி ஊருக்குள் பேச்சு ஒத்துவரவில்லை. பாதிப் பேர் வெட்டுக் கூலிக்கு அந்தக் காட்டுக்குத்தான் போகிறார்கள்.