மறு: கிளிப்பிங் பாத்: வெட்டுப்பாதையா, வரைப்பா? (நாளை கடைசி நாள்)

அனைவருக்கும் வணக்கம்.

பக்க வடிவமைப்புக் கையேட்டின் ஆறாம் பாடத்தை நாளை இரவு ஒப்படைக்க வேண்டும். வடிவக் கருவிகளின் தமிழ்ப் பெயர்களில் சிக்கல் இல்லை. செவ்வகம், நீள்வட்டம், பல்கோணம் எல்லாம் கணக்குப் புத்தகத்திலேயே கிடைத்துவிட்டன. படத்தில் வேண்டிய பகுதி மட்டும் தெரியும்படி அதைச் சுற்றிப் போடும் மூடிய கோடு, அதாவது 'கிளிப்பிங் பாத்', அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுவது ஒன்றுதான் பதினெட்டு மடலாக இழுக்கிறது.

> வெட்டுப்பாதை என்றே வையுங்கள். வன்றொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும், முடிந்தது.

ஒற்றில் சண்டை இல்லை, தம்பி. வெட்டில்தான். மென்பொருளின் கட்டளைப் பட்டியில் 'வெட்டு, நகலெடு, ஒட்டு' என்று ஏற்கெனவே ஒரு வெட்டு உட்கார்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, இங்கே எதுவும் வெட்டுப்படுவதே இல்லை. போன வாரம் வகுப்பில் ஒரு பூவைச் சுற்றிப் பேனாக் கருவியால் கோடு போட்டு மூடினோம். பின்னணி மறைந்ததும் ஒரு மாணவி, "ஐயோ, மிச்சப் படம் போச்சே" என்றார். கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகளில் ஒன்றை, அதாவது ஒரு கணுவைப் பிடித்து வெளியே இழுக்கச் சொன்னேன். காணாமல் போன இலை நுனி திரும்பி வந்தது. வெட்டியது எப்படித் திரும்பி வரும்?

> அப்படியானால் மறைமூடி?

அது, கறுப்பு வெள்ளை பூசிப் படத்தை மறைக்கும் மாஸ்க்குக்குப் போய்விட்டது. மாஸ்க்கில் சாம்பல் நிறம் பூசினால் படம் அரைகுறையாகத் தெரியும். தலைமுடி ஓரத்துக்கு அதுதான் சரி. இதிலோ கோட்டுக்கு உள்ளே தெரியும், வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

> பாதை வடசொல். புறநானூற்றில் 'வையக வரைப்பு' இருக்கிறதே! வரைவதும் எல்லையும் ஒரே சொல்லில்.

ஐயா, சொல் அழகு. எனக்கும் அரை நாள் அதிலேயே போயிற்று. வரை மலை, வரை கோடு, வரை எல்லை என்று போய் அகப்பொருளின் வரைவு கடாதலில் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டேன். ஆனால் இதே பாடத்தில் வரைவுக் கோப்பு இருக்கிறது, வரைபடமும் இருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர் வரைப்பை வரைவு என்று 'திருத்தி'விடுவார். பாதை வடசொல்லா என்பதைத் தனி இழையில் பார்த்துக்கொள்வோம்.

என் சாய்வு 'வேலிக்கோடு'. கோப்பையின் காதுக்குள் தெரியும் பின்னணியை மறைக்க உள்ளே இன்னொரு மூடிய கோடு போடுகிறோமே, வேலிக்குள் வேலி என்றதும் வகுப்புக்குப் புரிந்தது.

> வேலிக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியும். வேலி தடுக்கும், மறைக்காது.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மதில் என்று மாற்றலாமா என்று கேட்டவருக்கும் இல்லை.

இதுவரை வெட்டுப்பாதைக்கு ஏழு பேர், வேலிக்கோட்டுக்கு என்னோடு மூன்று, வரைப்புக்கு ஐயா மட்டும். சரி, வெட்டுப்பாதை என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் 'படம் அழிவதில்லை' என்று ஒரு வரி சேர்க்கிறேன். பட்டியில் இருக்கும் அந்த இன்னொரு வெட்டுக்கு யாராவது காலைக்குள் வழி சொன்னால் நல்லது.