பலகை விளையாட்டுகளில் கணினி எதிராளி: பழைய பதிப்புகளும் புதிய செயலிகளும்

கேள்வி
பலகை விளையாட்டுகளின் பழைய கணினிப் பதிப்புகளையும் இப்போது வரும் செயலிகளையும் மாறிமாறி ஆடிவருகிறேன். படங்களின் அழகும் வசதியும் வெகுவாகக் கூடியிருக்கின்றன. கணினி எதிராளியின் ஆட்டம் மட்டும் அந்த அளவுக்கு வளர்ந்ததாகத் தெரியவில்லை. சதுரங்கத்தில் உலகச் சாம்பியனையே கணினி வென்று பல ஆண்டுகள் ஆகியும், சீட்டுகளும் வளங்களும் கலந்த இன்றைய விளையாட்டுகளில் அது எளிதாகத் தோற்பது ஏன்?

பதில் 1
வெளிவந்த ஆண்டைவிட விளையாட்டின் தன்மையே முக்கியம் என்பது என் கருத்து. சதுரங்கத்தில் மறைவாக எதுவும் இல்லை என்பதால், அடுத்தடுத்த நகர்த்தல்களை முன்கூட்டியே தேடிப் பார்ப்பது பலன் தருகிறது. 128 பைட் நினைவகம் மட்டுமே கொண்ட அட்டாரி 2600 என்ற வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவியிலேயே 1979இல் சதுரங்கம் ஆட முடிந்தது; 1997இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினியும் நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்து, அதே தேடலைத்தான் மிகப் பெரிய அளவில் செய்தது. எதிராளியின் கைச்சீட்டும் அடுத்து வரப்போகும் சீட்டும் தெரியாத விளையாட்டில் கிளைகள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகின்றன. அதனால் பலர் "வளம் சேர்ந்தால் கட்டு" என்பது போன்ற நிலையான விதிகளை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த விதிகளை நாம் சில ஆட்டங்களிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம்.

பதில் 2
முந்தைய பதிலுடன் பாதி உடன்படுகிறேன். பகடையின் தற்செயல் இருந்தும், 1990களின் தொடக்கத்திலேயே ஐபிஎம் நிறுவனத்தில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் என்ற நிரல், தனக்குத்தானே ஆடிக் கற்று, பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமன் விளையாட்டின் வல்லுநர்களை நெருங்கியது. சில தொடக்க நகர்த்தல்களை வல்லுநர்களே மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அதன் ஆட்டம் இருந்தது. சீட்டு விளையாட்டிலும் இது முடியும். ரேஸ் ஃபார் த கேலக்ஸி என்ற சீட்டு விளையாட்டுக்குக் கெல்டன் ஜோன்ஸ் எழுதிய இலவச நிரலில், நியூரல் நெட்வொர்க் (பயிற்சியால் கற்கும் கணினி அமைப்பு) கொண்டு ஆடும் எதிராளி அவ்வாறே கற்றது. 2017இல் வந்த செயலியும் அதையே பயன்படுத்தியது. இத்தனைக்கும் அதில் கைச்சீட்டுகள் மறைந்தே இருக்கின்றன. ஆகவே, குறை நுட்பத்தில் இல்லை. எதிராளிக்கென்று ஒதுக்கப்படும் உழைப்பில்தான் இருக்கிறது.

பதில் 3
வலிமையை மட்டும் அளந்தால் போதாது என்பேன். எளிய நிலையில் ஆடும் கணினி எப்படித் தவறுகிறது என்பதையும் நான் கவனிப்பேன். பத்து நகர்த்தல்களைப் பிழையின்றி ஆடிவிட்டுத் திடீரென்று ராணியைத் தூக்கிக் கொடுக்கும் எதிராளியிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. 2020இல் வெளியான மையா என்ற சதுரங்க நிரல், லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து, குறிப்பிட்ட தரத்தில் உள்ளவர் எதை நகர்த்துவார் என்பதைக் கற்றது. அதன் பிழைகள் மனிதப் பிழைகளாக இருப்பதால் பயிற்சிக்கு உகந்தது. மாறாக, கடின நிலை என்ற பெயரில் கணினிக்குக் கூடுதல் வளம் கொடுப்பதை, அறிவிக்காமல் செய்தால், ஏமாற்று என்றே சொல்வேன். புதிய செயலியில் நான் முதலில் பார்ப்பது இரண்டு: நான் சேர்ப்பதைக் கண்டு கணினி தன் திட்டத்தை மாற்றுகிறதா, முன்னணியில் இருக்கும்போது ஆட்டத்தை விரைந்து முடிக்கிறதா?

கேள்வி கேட்டவர்
விளக்கங்களுக்கு நன்றி. தனக்குத்தானே ஆடிக் கற்கும் முறை இவ்வளவு பலன் தருமென்றால், எல்லோரும் அதைப் பின்பற்றாதது ஏன்?

பதில் 2
ஒருமுறை கற்பித்தால் வேலை முடிவதில்லை. கெல்டன் ஜோன்ஸின் நிரலில் விளையாட்டின் ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் (பின்னர் சேர்க்கப்படும் கூடுதல் தொகுப்பு), ஆடுவோரின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் தனித்தனி நெட்வொர்க் உண்டு. ஒரு சீட்டின் விதி மாறினாலும் மீண்டும் பயிற்சி தேவைப்படலாம் என்பதால், வெளியீட்டு நாள் நெருங்கும் வரை விதிகளைத் திருத்திக்கொண்டிருக்கும் குழுவுக்கு அது பெருஞ்சுமை.