புதுப்பிப்பு: ஆடியவரிடம் ஆட்ட அனுபவத்தைக் கேட்பது எப்படி?

மேடையில் ஆடும்போது உள்ளுக்குள் நடப்பதை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பரதநாட்டியக் கலைஞர்களிடம் எப்படிக் கேட்டறிவது என்று, என் ஆய்வுக்காக முன்பு இங்கே கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, ஆடியவருக்கே அவருடைய வீடியோவைப் போட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்திப் பேசவிடும் யோசனைதான். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதோடு சரி. வீடியோவிலோ, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பெண் ஒருவர், வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் தீர்மானத்தில் (தாளத்தோடு முடியும் அடவுக் கோவையில்) நிறுத்தி, "இங்கே தட்டுக்கழி என் பாதத்துக்குள்ளேயே விழுந்தது" என்றார் (தட்டுக்கழி, ஆசிரியர் தாளம் தட்டும் கோல்). இதற்காகத்தானே இந்த ஆய்வே!

எதிர்பாராத ஒன்று: வீடியோவைப் பார்த்ததும் பலர் "அரைமண்டி (முழங்கால் மடித்துப் பாதி அமர்ந்த நிலை) போதவில்லை" என்று தங்களைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அது ஆடியவர் பேச்சல்ல, ஆசிரியர் பேச்சு. அதனால் ஆடி முடித்த கையோடு சலங்கை அவிழ்க்கும்போதே பேசவைத்துப் பதிவுசெய்கிறேன், அப்புறம்தான் வீடியோ. பாதி பதிலைக் கையாலேயே காட்டுவதால் பேட்டியையும் வீடியோ எடுப்பது அவசியம்.