கிரேட் டேன் டென்மார்க் நாயா ஜெர்மன் நாயா? ஒரு பிரியாணி பந்தயம்

ராத்திரிராஜா:
நேத்து மச்சானோட ஒரு சண்டை. கிரேட் டேன்னா டென்மார்க் நாய், அதான் பேருலயே இருக்கேன்னு நான் சொன்னேன், அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், அது பக்கா ஜெர்மன் நாய்டாங்கிறான். ஒரு பிரியாணி பந்தயம். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா. இன்னொண்ணு, தெரிஞ்சவர் ஒருத்தர் டேன் குட்டி இருக்கு எடுத்துக்கங்கன்னு சொல்றார், வீட்ல எல்லாரும் ஆசையா இருக்காங்க, ஆனா கன்னுக்குட்டி சைஸுக்கு வளருமாமே, சின்னப்புள்ள இருக்கிற வீட்டுக்கு ஒத்து வருமா?

பழையபேப்பர்:
பிரியாணி போச்சு தம்பி, மச்சான் சொன்னதுதான் சரி.

16ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலாந்துல இருந்து பெரிய வேட்டை நாய்ங்களை ஜெர்மன் பிரபுக்கள் வரவழைச்சாங்க, மாஸ்டிஃப் மாதிரி முரட்டு நாயும் கிரேஹவுண்ட் மாதிரி ஓட்டக்கார நாயும் கலந்தது. எல்லாம் காட்டுப்பன்னி வேட்டைக்கு. மத்த நாய்ங்க துரத்தி மடக்கும், இது பாய்ஞ்சு பன்னியோட காதைக் கவ்வி அசையவிடாம பிடிச்சுக்கும், வேட்டைக்காரன் ஈட்டியோட வந்து சேர்ற வரைக்கும். பன்னி கொம்பு கிழிச்சிடும்னுதான் நாயோட காதையே வெட்டி விடுற வழக்கம் வந்துச்சு, இப்ப ஜெர்மனில அதுக்குத் தடை. இருக்கிறதுலயே அம்சமா இருக்கிறதை மட்டும் எஜமான் படுக்கை அறைக் காவலுக்கு வச்சுக்குவாங்க, அதுக்கு ‘கம்மர்ஹுண்ட்’, அதாவது அறை நாய்னு பேரு.

டேன்ங்கிற பேரு வந்தது பிரெஞ்சுக்காரர் புஃபோனால. 18ஆம் நூற்றாண்டு நடுவுல அவர் எழுதின விலங்கு புத்தகத்துல ஒரு நாயை ‘பெரிய டேனிஷ் நாய்’னு போட்டார், இங்கிலீஷ்காரன் அதையே பிடிச்சுக்கிட்டான். ஜெர்மனிலயே கொஞ்ச காலம் குழப்பம்தான், 1863 ஹாம்பர்க் கண்காட்சில டேனிஷ் நாய், உல்ம் நாய்னு ரெண்டு பேருல தனித்தனியா நிறுத்துனாங்க. 1880ல பெர்லின்ல நடுவர்கள் கூடி இதெல்லாம் ஒரே ஜாதி, பேரு ‘டாய்ச்ச டாக’, அதாவது ஜெர்மன் நாய்னு முடிவு பண்ணாங்க, 1888ல அதுக்குன்னு கிளப்பும் வந்துச்சு. ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் வளர்த்த டிராஸ்ங்கிற டேன் நாயைப் பத்திரிகைக்காரங்க ‘பேரரசின் நாய்’னே எழுதுவாங்க.

டென்மார்க்குக்கு சொந்தமா பெரிய நாய் இல்லாம இல்ல, அது புரோகோல்மர். கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சுன்னு இருந்ததை 1970கள்ல தேடிப்பிடிச்சு மீட்டாங்க, பாவம் அதை யாருக்கும் தெரியாது.

நாலுகால்வீடு:
ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன், எங்க வீட்ல இப்ப இருக்கிறது ரெண்டாவது டேன். குணம் தங்கம். ஆனா தன்னோட சைஸ் அதுக்கே தெரியாது, மடில உட்கார வரும், நின்னா மேல சாஞ்சுக்கும், வாலாட்டுனா டீ டம்ளர் எல்லாம் தரைல. ஆண் நாய் தோள் உயரம் 80 செ.மீ.க்கு மேல, எடை 60 - 80 கிலோ வரும், உங்க புள்ளையை ஆசையா இடிச்சாலே விழுந்துடும், கூடவே ஒரு பெரிய ஆள் இருக்கணும்.

பயப்பட வேண்டியது கடிக்கு இல்ல, வயித்துக்கு. இதுக்கு நெஞ்சுக்கூடு ஆழம், இரைப்பைல காத்து அடைச்சு அப்படியே முறுக்கிக்கும், சில மணி நேரத்துல உயிர் போயிடும். எங்க முதல் நாய் ஒரு ராத்திரி சும்மா சும்மா ஓங்கரிச்சுது ஒண்ணும் வெளிய வரல, எச்சில் ஊத்துது, வயிறு மத்தளம் மாதிரி, நாங்க அஜீரணம்னு நினைச்சு ஓம வாட்டர் குடுத்துட்டு காலைல பாத்துக்கலாம்னு விட்டுட்டோம். காலைல இல்ல. இப்ப இருக்கிறதுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்றப்பவே இரைப்பை முறுக்கிக்காம இருக்க அதை வயித்து உள்சுவரோட தைச்சாச்சு. ஒரேடியா சாப்பாடு போடாதீங்க, சாப்பிட்டதும் ஓட விடாதீங்க, எலும்பு வலுக்கும்னு குட்டிக்குக் கால்சியம் அள்ளிக் கொட்டாதீங்க, அதுல எலும்புதான் கெடும். ஆயுசும் 7 - 10 வருஷம்தான்.

ஆமா, என்ன கலர் குட்டி? சாம்பல்ல கருப்பு திட்டா இருந்தா அதுக்கு மெர்ல்னு பேரு, அம்மா அப்பா ரெண்டும் மெர்ல்னா குட்டி செவிடாவோ குருடாவோ பிறக்க நிறைய சான்ஸ். கேட்டுட்டு எடுங்க.

சும்மாவந்தேன்:
உயரம் பத்தி பேசறதால, அமெரிக்கால ஜீயஸ்னு ஒரு டேன், 2011ல அளந்தப்ப தோள் வரைக்கும் 111.8 செ.மீ., கின்னஸ் சாதனை. ஆனா எனக்குப் பிடிச்சது தென்னாப்பிரிக்கா சைமன்ஸ் டவுன்ல இருந்த நியூசன்ஸ்தான். மாலுமிங்க பின்னாடியே ரயில் ஏறி கேப் டவுனுக்குப் போயிடும், டிக்கெட் இல்லன்னு ரயில்வே ஒரே கம்ப்ளைன்ட், கடைசில 1939ல பிரிட்டிஷ் கடற்படை அதை முறைப்படி மாலுமியாவே சேர்த்துக்கிச்சு, பணில இருக்கிறவருக்கு ரயில் ஃப்ரீல்ல! 1944ல செத்தப்ப ராணுவ மரியாதையோட புதைச்சாங்க, அந்த ஊர்ல சிலையே இருக்கு.

ராத்திரிராஜா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பிரியாணி வாங்கிக் குடுத்தாச்சு, கூட ஒரு சிக்கன் 65ம் பிடுங்கிட்டான். குட்டிக்காரருக்கும் போன் போட்டேன், அம்மா அப்பா ரெண்டும் அதே திட்டு கலர்தான் சார், ரேர் பீஸ், அதான் ரேட் அதிகம்னு பெருமையா சொன்னார். வேணாம்னுட்டேன்.