கூடத்தில் கிடக்கும் 180 சதுரங்கள்

பத்து நாட்களாக எங்கள் கூடத்தின் நடுவே யாரும் நடப்பதில்லை. சுவரை ஒட்டி, ஒருக்களித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தரையில் 180 துணிச் சதுரங்களைப் பரப்பி வைத்திருக்கிறேன்: அகலவாட்டில் 12, நீளவாட்டில் 15. இது நான் தைக்கும் இரண்டாவது ஒட்டுத்துணிப் போர்வை. முதல் போர்வையைப் பரப்பிப் பார்க்காமலேயே தைத்தேன். அந்தக் கதையைச் சொன்னால், இப்போது ஏன் வீட்டையே முடக்கிப் போட்டிருக்கிறேன் என்பது புரியும்.

முதல் அடி கணக்கில் விழுந்தது. ஐந்து அங்குலச் சதுரம், அகலத்துக்கு 12, ஆக 60 அங்குலம். நீளத்துக்கு 15, ஆக 75. பள்ளிப் பிள்ளை போடும் பெருக்கல். தைத்து விரித்தால் 54-க்கு 67½ வந்தது. ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும் என்பதை நான் நினைக்கவே இல்லை. சதுரத்துக்கு அரை அங்குலம் என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு சதுரத்துக்கு அது ஆறு அங்குலம். கழுத்து வரை இழுத்தால் கால் வெளியே, காலை மூடினால் தோள் வெளியே. சுற்றிலும் மூன்று அங்குலப் பட்டி வைத்து ஒருவாறு ஒப்பேற்றினேன். இம்முறை ஐந்தரை அங்குலமாக வெட்டியிருக்கிறேன். தைத்த பிறகு ஐந்து நிற்கும்.

இரண்டாவது அடிதான் பெரியது. நீலம், பச்சை, செங்கல் சிவப்பு மூன்றும் மாறி மாறி வரவேண்டும் என்று மட்டும் முடிவு செய்து தைத்துக்கொண்டே போனேன். கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் அழகு. சிவப்பில் இழை இழையாய்ப் பொடிக்கட்டம், பச்சையில் மிளகளவு புள்ளி. முடிந்ததும் கட்டிலில் விரித்துவிட்டு வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். சேற்று நிறத்தில் ஏதோ ஒன்று கிடந்தது! மூன்று மாத உழைப்பு, பத்தடி தூரத்தைத் தாண்டி வரவில்லை.

அக்கா வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் செல்பேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி என்னிடம் நீட்டினாள். 180 சதுரமும் ஒரே சாம்பல். நிறம் மூன்றாக இருந்ததே தவிர, அடர்த்தி மூன்றுக்கும் ஒன்றுதான். தூரத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்கு முதலில் எட்டுவது எது வெளிர், எது அடர் என்பதே. நீலமா பச்சையா என்பதெல்லாம் அருகில் வந்த பிறகு.

ஆகவே இம்முறை துணிகளை நிறவாரியாகப் பிரிக்கவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியல் போட்டேன். நடுத்தரக் குவியல் மட்டும் குன்றுபோல் உயர்ந்து நின்றது. நாம் விரும்பி வாங்கும் துணிகள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும் போலிருக்கிறது. வெளிருக்கு 60 சதுரம் தேவை, கையில் இருந்ததோ நாற்பது. அப்போதுதான் ஒரு பழைய சட்டைத் துணியைத் தற்செயலாகப் புரட்டினேன். அச்சடித்த துணியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட வெளுத்திருக்கும் இல்லையா? அதே பூ, பனிக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதுபோல். மீதி இருபதும் அப்படிப் புரட்டிப் போட்டவைதான். நெய்யும்போதே கட்டம் போட்ட துணியில் இது பலிக்காது, அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அடர் சதுரங்கள் ஒரு மூலையில் தொடங்கிப் படிப்படியாக எதிர்மூலைக்கு இறங்க வேண்டும் என்பது முதல் யோசனை. 12-க்கு 15 என்னும்போது அது எதிர்மூலைக்குப் போகாது. அடியிலிருந்து மூன்று வரிசை இருக்கும்போதே பக்க ஓரத்தில் முட்டி நின்றுவிட்டது. காகிதத்தில் கட்டம் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும், தரையில் தவழ்ந்து கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. இப்போது ஆறு சதுரத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் சாய்வுப் பட்டைகளாக மாற்றிவிட்டேன். ஆறில் ஒன்று அடர், மூன்று நடுத்தரம், இரண்டு வெளிர்.

இன்னும் ஒரு சதுரம் தொந்தரவு செய்கிறது. சாதாரணச் சாம்பல் துண்டு. ஊதாவுக்குப் பக்கத்தில் வைத்தால் மஞ்சள் பூத்து, துவைக்காத துணிபோல் தெரிகிறது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் நீலம் ஏறிப் பளிச்சென்றிருக்கிறது. துணியில் மாற்றமில்லை, மாறுவது பக்கத்து வீடுதான். பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தின் சாயப் பொறுப்பில் இருந்த செவ்ரூல் என்ற வேதியியலாளருக்கும் இதே தலைவலி வந்திருக்கிறது. கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார் வர, சோதித்துப் பார்த்தவர் சாயத்தில் குற்றமில்லை, அருகிலிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கச் செய்கின்றன என்று கண்டார். அதை 1839-இல் விரிவாக எழுதியும் வெளியிட்டார். எனக்கு அது தெரிவதற்குள் அந்தச் சாம்பல் துண்டை இரண்டு முறை துவைத்திருந்தேன்.

உங்களுக்கெல்லாம் எப்படி? பரப்பிப் பார்த்துத்தான் தைக்கிறீர்களா?

*

பரப்புவது இருக்கட்டும், அத்தனையையும் வரிசை குலையாமல் எப்படி அள்ளப் போகிறீர்கள்? என் பிழைப்பு அங்கேதான் சந்தி சிரித்தது.

இடப்பக்கம் தொடங்கி ஒவ்வொரு சதுரமாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனேன். வலக்கோடியில் இருந்த சதுரம் அடுக்கின் மேலே வந்துவிட்டது. இயந்திரத்தில் உட்கார்ந்ததும் மேலிருந்து எடுத்துத் தைத்தேன். வரிசை முழுக்க இடவலம் மாறிப் போயிற்று. ஒன்பதாவது வரிசை வரை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, அவசரத்தில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றையும் இப்படித் தைத்திருக்கிறேன். சாய்வாக வந்துகொண்டிருந்த கோடு திடீரென்று முறிந்து எதிர்த்திசையில் ஓடியது. ஓர் இரவு முழுக்கத் தையல் பிரித்தேன். பிரித்த இடங்களில் துணி ஓரம் பஞ்சாய்ப் பறந்தது.

இப்போது வலப்பக்கத்திலிருந்து அள்ளுகிறேன். இடக்கோடிச் சதுரத்தின் மேல்மூலையில் வரிசை எண் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்திவிடுவேன். மூலை என்பது முக்கியம். சதுரத்துக்குத் தலை எது கால் எது என்று அந்தச் சீட்டுத்தான் சொல்லும். இஸ்திரி போடும்போது ஒற்றைப்படை வரிசைகளின் தையல் மடிப்பை இடப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளை வலப்பக்கமும் சாய்த்துவிடுங்கள். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் போய் உட்காரும். விரலால் தடவினாலே தெரியும், நான்கு மூலையும் ஊசிமுனையில் சந்திக்கும்.

*

நான் எதையும் திட்டமிடாமல் தைக்கலாம் என்று கிளம்பியவள். குழந்தைப் போர்வை, 7-க்கு 8, மொத்தம் 56 சதுரம். எட்டு விதத் துணி, விதத்துக்கு ஏழு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் கைவிட்டு எடுத்து, வந்த வரிசையில் வைத்தேன். மஞ்சள் மூன்று ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் விழுந்தது. அதன்பின் போர்வையில் எங்கே பார்த்தாலும் கண் அந்த மஞ்சளுக்கே திரும்பியது. பார்த்தவர்கள், "இது என்ன, வாத்தா?" என்றார்கள்.

குருட்டாம்போக்கில் எடுத்தால் சீராகப் பரவும் என்று நான் நம்பியதுதான் தவறு. குருட்டாம்போக்கு கும்பலாகத்தான் விழும். நம் கண் விரும்புவது சிதறியதுபோல் தோன்றும் ஒழுங்கை. சரி என்று ஒரு விதி வைத்தேன்: மேலேயோ இடப்பக்கமோ அதே துணி இருந்தால், எடுத்ததைப் பையில் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். ஆறு வரிசை அருமையாக வந்தது. கடைசி வரிசையை நெருங்கும்போது பைக்குள் கைவிட்டால் நீலம், மறுபடி நீலம், அதற்கடுத்தும் நீலம். வேண்டாம் வேண்டாம் என்று திருப்பிப் போட்டதெல்லாம் அடியில் காத்திருந்திருக்கிறது. மேல் வரிசைகளைக் கலைத்து, நீலத்தை உள்ளே நுழைத்து, வேறு நிறங்களைக் கீழே இறக்கி, திட்டமிட்டவர்களைவிட அதிக நேரம் செலவழித்தேன்.

ஒன்றில் மட்டும் முதலில் எழுதியவரோடு உடன்பட மாட்டேன். எல்லாமே நடுத்தர அடர்த்தி என்றால் என்ன குடி முழுகிவிடும்? என் குழந்தைப் போர்வை அப்படித்தான். தூரத்தில் இருந்து யார் பார்க்கப் போகிறார்கள்? அதன்மேல் குப்புறப் படுத்திருப்பவனுக்கு ஒரு முழ தூரம்தான் உலகம்.

*

சதுரத்தை வைத்தே இவ்வளவு பாடு என்றால், லாக் கேபின் தைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மற்ற இரண்டு பக்கம் அடர். ஒவ்வொரு கட்டமும் குறுக்கே பாதி பகல், பாதி இரவாக நிற்கும். அதை எப்படித் திருப்பி வைக்கிறோம் என்பதில்தான் வடிவமே பிறக்கிறது. எல்லாம் ஒரே திசையில் என்றால் சாய்வுக் கோடுகள். நான்கு கட்டங்களின் அடர் மூலைகள் ஓரிடத்தில் கூடினால் நடுவில் கறுத்த வைரம்.

என்னிடம் 16 கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் நான்கு விதமாகத் திருப்பலாம். இடம் மாற்றாமல் திருப்பி மட்டும் வைத்தாலே 429 கோடிக்கு மேல் வருகிறது. நான் பார்த்தது பதினொன்று. ஒவ்வொன்றையும் நாற்காலிமேல் ஏறிப் படம் பிடித்தேன். கடைசியில் தைத்தது மூன்றாவது படத்தில் இருந்தது. ஏன் பதினொன்று வரை போனேன் என்று முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

*

அள்ளும் முறைக்கு நன்றி. நானும் இடப்பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருப்பேன். வெளிர்–அடர் பற்றிக் கேட்டவருக்கு: குப்புறப் படுத்திருப்பவனை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். என் போர்வை கட்டிலுக்கு, கட்டில் இருப்பதோ வாசலுக்கு நேரே.

நேற்று இரவு விளக்கு வெளிச்சத்தில் இரண்டு சதுரங்களை மாற்றி வைத்தேன், காலையில் ஜன்னலைத் திறந்ததும் பழையபடி மாற்றினேன். விளக்கின் மஞ்சளில் வெளிர்மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோல் தெரிந்திருக்கின்றன. சாம்பல் துண்டு இப்போது நான்காவது வரிசையில் ஆரஞ்சுக்கு வலப்பக்கம் குடியேறிவிட்டது. நாளை பகல் வெளிச்சத்தில் கடைசியாக ஒரு படம் எடுத்துவிட்டு, சீட்டுக் குத்தி அள்ளப் போகிறேன். அதுவரை பூனைக்கு அடுத்த அறைதான். நேற்று ஏழாவது வரிசையின் நடுவில் சுருண்டு படுத்து, எழுந்துபோகும்போது மூன்று சதுரங்களைக் காலில் இழுத்துக்கொண்டு போனது. மூன்றும் அடர்.