எம்பியிட்ட என்னத்தக் கேக்கிறது? (ஃபிளாட்ஸ் வட்ஸ்அப் குரூப், வெள்ளவத்தை)

சிவா (அட்மின்): எல்லாருக்கும் வணக்கம். தண்ணி மோட்டர் விசயம் பிறகு கதைப்பம். என்னோட முந்தி வேலை செஞ்ச பெடியன் ஒருத்தன் இப்ப ஒரு எம்பிட ஆபீசில நிக்கிறான், அவர் பார்லிமென்டில போக்குவரத்து மந்திரியிட்ட வாய்மூல விடைக்கு ஒரு கேள்வி குடுக்கப்போறாராம், கொழும்பில பஸ்ஸில போற சனம் படுற பாட்டை எழுதித் தாங்கோ எண்டு கேட்டவன். இண்டைக்கு இரவைக்குள்ள வேணுமாம். எந்தக் கட்சி எண்டு ஒருத்தரும் கேக்காதேங்கோ

கிரிஷாந்த்: எந்தக் கட்சி அண்ணா

சிவா (அட்மின்): டேய்

ரிஸ்வானா: நான் சொல்றன் சிவா அண்ணா. எனக்கு வேலை முகத்துவாரத்துல, முடிய 7.30 ஆகும். காலைல போறதுக்கு நேரா ஒரு பஸ் ஈக்கி, ஏறினா வேலை எடத்துலயே எறங்கலாம். ராவைக்கு அதே பஸ் இல்ல. ரோட்ல நின்டு நின்டு பாத்துட்டு வேற பஸ்ல புறக்கோட்டைக்கு வந்து, அங்க இருந்து 100 இல்லாட்டி 101 புடிச்சி வாரன். மழைன்டா த்ரீவீல் தான், கேக்குற காசு வாய்ல சொல்ல ஏலா

மாலினி: நம்பரையும் போடுங்கோ ரிஸ்வானா, எந்த பஸ் எண்டு

ரிஸ்வானா: வேணாம் அக்கா, அந்த ரூட்ல ஓடுற ஓனர் ஒருத்தருட சொந்தக்காரர் இந்த குரூப்ல ஈக்கார்

கிரிஷாந்த்: ஹாஹா ஆரது கை தூக்குங்க

சேவியர் அங்கிள்: ஜப்பான்காரன் ரயில் கட்டித் தாரேன்னு வந்தான், மாலபேல இருந்து கோட்டைக்கு, தூண் மேல ஓடுறது, 2020 செப்டெம்பர்ல வேணாம்னு நிப்பாட்டிட்டாங்க. இன்னிக்கு அது ஓடியிருந்தா இந்தப் பேச்சே இல்ல. அதக் கேளுங்க எம்பிகிட்ட. யார் கையெழுத்துப் போட்டு நிப்பாட்டினது, எவ்வளவு நட்டம்

கிரிஷாந்த்: அங்கிள் அது மாலபே ஆக்களுக்கு. ரிஸ்வானா அக்கா முகத்துவாரத்தில இருந்து வாறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்

சேவியர் அங்கிள்: எல்லாத்துக்கும் சம்பந்தம் இருக்கு தம்பி

மாலினி: என்டயும் எழுதுங்கோ சிவா. தம்பிக்கு ஸ்கூல் சீசன் டிக்கட் எடுத்துக் குடுத்தனான். சீசன் அரசாங்க சிடிபி பஸ்ஸில மட்டும்தானே செல்லும், பின்னேரம் ஸ்கூல் விட்டு வாற நேரம் வாறதெல்லாம் பிரைவேட். சீசனும் பையுக்க, டிக்கட் காசும் கையில. டிக்கட்டுக்கு தாள் நீட்டினா மிச்சம் 3 ரூபாய மறந்திட வேண்டியதுதான், கேட்டா கொண்டக்டர் எங்களப் பாக்கிற பார்வை நாங்கள் அவற்ற சொத்த எழுதிக் கேட்ட மாதிரி

ஜெனி: மாலினி ஆன்டி அந்த 3 ரூபாய எல்லாரும் விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துத் தான் இப்பிடி

தேவன் மாமா: பிள்ளையள், நான் இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். சிவா, நீ இதை அப்பிடியே நாலு பொயிண்டா எழுதி அனுப்பினா என்ன நடக்கும் தெரியுமோ. எம்பி எழும்பி "கொழும்பில் பஸ் சேவை சீரில்லை என்பதை அறிவாரா" எண்டு கேப்பார், மந்திரி எழும்பி 2025 பட்ஜெட்டில 100 புது பஸ்ஸுக்கு 3,000 மில்லியன் ஒதுக்கினம், மெட்ரோ பஸ் வருது எண்டு பத்து நிமிசம் வாசிப்பார். எல்லாம் உண்மையாயும் இருக்கும். ரிஸ்வானாவுக்கு பஸ் வராது. இல்லாட்டி விடைக்கு ரெண்டு கிழமை அவகாசம் கேப்பினம், அதோட கேள்வி ஒழுங்குப் பத்திரத்தில, அதான் சபையின்ர அலுவல் பட்டியலில, கீழ போயிடும்

சிவா (அட்மின்): மாமா நீங்கள் இ.போ.ச.வில, அதான் சிடிபில, எத்தின வருசம்

தேவன் மாமா: அதை விடு. கணக்குப் பகுதியில இருந்தனான், இப்பிடியான கேள்விக்கு டிப்போவில இருந்து எண்ணிக்கை எடுத்து மேல அனுப்பிறது எங்கட வேலை. கேள்வி எண்ணிக்கை கேட்டா நாங்கள் உண்மையில தேடோணும், லொக் ஷீட் பாக்கோணும், இரவிரவா இருப்பம். கேள்வி "நடவடிக்கை எடுப்பாரா" எண்டு மட்டும் வந்தா ஒருத்தரும் ஒரு ஃபைலும் திறக்கிறேல்ல, ஆம் எண்டு ஒரு வரி, முடிஞ்சுது

ஜெனி: இது சூப்பர் பொயிண்ட் மாமா

கிரிஷாந்த்: ஜெனி லோ படிக்கிற ஆளெல்லோ, ட்ராஃப்ட் பண்ணு

ஜெனி: பண்ணலாம், முதல்ல ஒரு பிரச்சினை இருக்கு. ரிஸ்வானா அக்காட பஸ் பிரைவேட் தானே. கொழும்புக்குள்ளயே ஓடுறது, அதாவது மேல் மாகாணத்துக்குள்ள. அதுக்கு பேர்மிட் குடுக்கிறது மாகாண போக்குவரத்து அதிகாரசபை. 87 மாதிரி யாழ்ப்பாணம் போற பஸ் எண்டா தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, அது 1991 சட்டம், மந்திரிக்குக் கீழ வரும். இதுக்கு மந்திரி "மாகாண விடயம்" எண்டு சொல்லிப்போட்டு இருக்கலாம், சட்டப்படி அது பிழையும் இல்ல

மாலினி: அப்ப மாகாணசபையில கேக்கிறது

ஜெனி: ஆரிட்ட ஆன்டி?

மாலினி: ஏன் மெம்பர்மார் இல்லையோ

ஜெனி: மேல் மாகாணத்துக்குக் கடைசியா எலெக்ஷன் வச்சது 2014ல. 2019ல காலம் முடிஞ்சு கலைஞ்சது. அதுக்குப் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும் தான். கேள்வி கேக்க அங்க ஒரு மெம்பரும் இல்ல, கேட்டா எழும்பி பதில் சொல்ல ஒரு மாகாண மந்திரியும் இல்ல

சேவியர் அங்கிள்: இதத்தான் நான் சொல்றேன் நாடு எங்க போகுதுன்னு

கிரிஷாந்த்: இல்ல அங்கிள் நீங்க ஜப்பான் ரயிலத்தான் சொன்னீங்க

சேவியர் அங்கிள்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ரிஸ்வானா: அப்ப எனக்கு பஸ் வராததுக்கு யாருகிட்டயும் கேக்க ஏலாதா? ஹொட்லைன் ஒண்டுக்கு எடுத்துப் பாத்தன், பஸ் நம்பர் பிளேட் சொல்லுங்கன்டாங்க. வராத பஸ்ஸுக்கு நம்பர் பிளேட் எப்படி சொல்றது

மாலினி: ஐயோ ரிஸ்வானா சிரிச்சு முடியேல்ல

தேவன் மாமா: சிரிக்கிற விசயமில்ல, முழுக் கதையும் அதுக்குள்ளதான் இருக்கு. ஓடுற பஸ்ஸுக்குத்தான் இஞ்ச சட்டம் எல்லாம், வேகம், டிக்கட், சீட் பெல்ட். ஓடாத பஸ்ஸ பிடிக்கிறதுக்கு ஒரு ஆளும் இல்ல. பேர்மிட் எண்டது சும்மா கடதாசி இல்ல, இத்தினை மணிக்கு இத்தினை ட்ரிப் ஓடோணும் எண்ட நிபந்தனையோடதான் குடுக்கிறது. பின்ன ஏன் இரவில ஓடுறேல்ல எண்டா, ஓனருக்கு நாளுக்கு இவ்வளவு எண்டு பேசின காசு ஒண்டு இருக்கு, அதைக் கட்டி டீசலும் அடிச்சு மிஞ்சிறதுதான் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும். காலமையும் பின்னேரமும் சனம் நெரியிற நேரம் அந்தக் காசு வந்திடும். 7 மணிக்குப் பிறகு பத்துப் பேரோட முகத்துவாரத்தில இருந்து வெள்ளவத்தைக்கு ஓடினா டீசலுக்கே காணாது. அவங்களும் மனுசர், ஏன் ஓடுவான். பகலில ஹோல்டில நிண்டு இழுக்கிறதும், பின்னால ஒண்டு வாறதைக் கண்ட உடன பறக்கிறதும் இதாலதான்

தேவன் மாமா: புறக்கோட்டையில பாத்திருப்பியள், கொண்டக்டர் பஸ் நிக்க முதலே குதிச்சு டைம் கீப்பற்ற மேசைக்கு ஓடுவான், கொப்பிய நீட்டுவான், கொப்பிக்குள்ள ஒரு தாள் மடிச்சு இருக்கும், டைம் எழுதினதும் திரும்ப ஓட்டம். அந்தக் கொப்பியள எல்லாம் ஆராவது சேர்த்து வாசிச்சா எந்த பஸ் எத்தினை மணிக்குப் பிறகு ஓடேல்ல எண்டு ஒரு நாளில தெரியும். வாசிக்கிறேல்ல, அவ்வளவுதான்

கிரிஷாந்த்: மாமா அப்ப சிடிபி ஓடலாம் தானே அந்த நேரம். அரசாங்கம் தானே, நட்டம் வந்தா பரவால்லயே

தேவன் மாமா: ஓம், அதுக்காகத்தானே 1958ல பஸ் முழுக்க அரசாங்கம் எடுத்தது. 79ல திரும்ப பிரைவேட்டுக்குத் திறந்து விட்டாச்சு, அதுக்குப் பிறகு லாப ட்ரிப் ஒரு பக்கம் நட்ட ட்ரிப் மற்றப் பக்கம். 2025ல சிடிபி, பிரைவேட் ரெண்டுக்கும் ஒரே டைம்டேபிள் எண்டு கொண்டந்தவை

ஜெனி: கூட்டு நேர அட்டவணை. 2025 ஓகஸ்ட்ல சிடிபி ஆக்கள் அதை எதிர்த்து ஸ்ட்ரைக்கும் பண்ணினவை

தேவன் மாமா: அதுதான். அங்கதான் பிடிக்கோணும் மந்திரிய. சிடிபி அவருக்குக் கீழ, மாகாணம் எண்டு தப்பேலாது. கூட்டு டைம்டேபிள் அவற்ற சொந்தக் கொள்கை, அதுக்கும் பதில் சொல்லத்தான் வேணும். மந்திரி பிமல் ரத்நாயக்க தானே சபை முதல்வரும், ஆள் சபையில இருக்கிறவர், நேரடியா கேட்டா நேரடியா சொல்லுவார் எண்டு நினைக்கிறன். டிக்கட் விலை, சீசன், ஜப்பான் ரயில் எல்லாத்தையும் ஒண்டுக்குள்ள போட்டா எது லேசோ அதுக்கு மட்டும் பதில் வரும்

மாலினி: என்ட 3 ரூபாய வெட்டிப்போட்டியள் எண்டு விளங்குது

தேவன் மாமா: மாலினி, டிக்கட் விலை ஒவ்வொரு வருசமும் யூலையில எப்பிடியும் பாக்கிறவை, அதுக்கு ஒரு ஃபோர்மியுலா இருக்கு. உன்ர மிச்சக்காசு எல்லா பஸ்ஸுக்கும் கார்ட் மெசின் வந்தா தீரும். தம்பின்ர சீசன் மட்டும் இதுக்குள்ள வரலாம், அது சிடிபி தானே

ஜெனி: நான் இன்னொண்டும் சொல்லோணும். பொம்பிளைகள் பஸ்ஸில படுறது. ஐ.நா. சனத்தொகை நிதியம் (யூஎன்எஃப்பிஏ) 2017ல வெளியிட்ட ஆய்வில, 90 வீதம் பொம்பிளைகளும் பொம்பிளைப் பிள்ளைகளும் பஸ், ரயிலில ஒருக்காலாவது பாலியல் தொல்லை பட்டிருக்கினம் எண்டு இருக்கு. பொலிஸுக்குப் போனது 4 வீதம். இரவில பஸ் குறைஞ்சா இருக்கிற ஒண்டுக்க எல்லாரும் நெரியிறது, அதுக்க என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்

ரிஸ்வானா: அதுதான் நான் த்ரீவீல்ல வாரது. மழை சும்மா சொன்னன்

மாலினி: அடி பிள்ளை

மாலினி: இது கட்டாயம் போகோணும் சிவா. ஆம்பிளையள் ஒருத்தரும் வெட்டக்கூடாது

தேவன் மாமா: வெட்டேல்ல. ஆனா இதோட ஒட்டாம தனிக் கேள்வியா குடுக்கச் சொல்லு. ஒட்டினா "விசாரணை நடக்கிறது" எண்டு ஒரு வரியில போயிடும். தனியா போனா முறைப்பாடு எத்தினை, வழக்கு எத்தினை எண்டு எண்ணிக்கை கேக்கலாம்

சிவா (அட்மின்): சரி ஜெனி ட்ராஃப்ட் போடு, மணி 9 ஆகுது. ரெண்டாவது கேள்விய நீயும் ரிஸ்வானாவும் எழுதுங்கோ, நாங்கள் கை வைக்கேல்ல

ஜெனி: இந்தாங்கோ. ஒழுங்குப் பத்திரத்தில வாற மாதிரியே எழுதியிருக்கிறன்

ஜெனி: "போக்குவரத்து அமைச்சரைக் கேட்பதற்கு,
(அ) (i) வெள்ளவத்தைக்கும் முகத்துவாரத்துக்கும் இடையில் இலங்கைப் போக்குவரத்துச் சபை நாளொன்றுக்கு மேற்கொள்ளும் பயணங்களின் எண்ணிக்கை யாது;
(ii) அவற்றுள் பி.ப. 7.30 மணிக்குப் பின்னர் புறப்படும் பயணங்கள் எத்தனை;
(iii) நேர அட்டவணையில் உள்ளவாறு கடந்த ஆறு மாதங்களில் ஓடாத பயணங்கள் எத்தனை;
(iv) மேற்படி வழியில் மாணவர் பருவச்சீட்டு செல்லுபடியாகும் பஸ் வண்டிகள் பி.ப. 1.30 முதல் 3.00 மணி வரை எத்தனை;
என்பதை அவர் குறிப்பிடுவாரா?
(ஆ) கூட்டு நேர அட்டவணை இவ்வழிக்கு எத்திகதியில் நடைமுறைக்கு வரும் என்பதையும், அதில் இரவுப் பயணங்களுக்குத் தனியார் பஸ் வண்டிகள் பொறுப்பாக்கப்படுமா என்பதையும் அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(இ) இன்றேல், ஏன்?"

கிரிஷாந்த்: கடைசி வரி மாஸ். இனி அம்மா காசு தர மாட்டன் எண்டா நானும் இதையே கேப்பன்

மாலினி: இன்றேல் முதுகு பழுக்கும்

தேவன் மாமா: நல்லா வந்திருக்கு ஜெனி. (iii) தான் உயிர். அதை மட்டும் எடுக்க விடாதே, ஆபீசில நீளம் எண்டு சொல்லி வெட்டப் பாப்பினம். மேலதிகக் கேள்விக்கு எம்பியிட்ட ஒண்டு சொல்லி வைக்கச் சொல்லு சிவா: எண்ணிக்கைய வாசிக்காம கடதாசியா சபாபீடத்தில வைக்கிறன் எண்டு மந்திரி சொன்னா விட வேணாம், (ii)க்கு உள்ள எண்ணிக்கைய மட்டும் வாயால சொல்லுங்கோ எண்டு கேக்கட்டும். அது ஹன்சாட்டில, பார்லிமென்ட் பேச்சுப் பதிவில, ஏறும், பேப்பர்காரரும் எழுதுவினம்

சேவியர் அங்கிள்: நல்ல கேள்வி தான். ஆனா பிரைவேட் பஸ் பேர்மிட் விசயம் இதுல வரல்லயே, ரிஸ்வானா பஸ் பிரைவேட் தானே

ஜெனி: அங்கிள் கரெக்ட்டா பிடிச்சிட்டார். அதை பார்லிமென்டில கேட்டு வீணாக்காம தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில கேப்பம். 2016 12ம் இலக்கச் சட்டம். மாகாண அதிகாரசபைக்கே நேரா எழுதலாம், அங்க மெம்பர் இருந்தா என்ன இல்லாட்டி என்ன. இந்த ரூட்டுக்கு எத்தினை பேர்மிட், நிபந்தனையில கடைசி ட்ரிப் எத்தினை மணி, ஓடாததுக்கு எத்தினை பேருக்கு நடவடிக்கை. 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லோணும், இல்லாட்டி மேன்முறையீடு

தேவன் மாமா: கெட்டிக்காரி. ரெண்டு பதிலையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தா தெரியும் ஆர் பொய் சொல்லுகினம் எண்டு

சிவா (அட்மின்): கேள்விய அனுப்பிட்டன். நாளைக்கு எம்பி கையெழுத்து வைப்பாராம். எப்ப சபைக்கு வரும் எண்டு தெரியாது, வரிசையில நிறைய இருக்காம்

சிவா (அட்மின்): தகவல் கேக்கிறதுக்கு ஒரு ஆள்ட பேர் வேணுமே. ஆர் போடுறீங்க

சிவா (அட்மின்): ஹலோ

சிவா (அட்மின்): 23 பேர் வாசிச்சிட்டீங்க எண்டு நீலக் கோடு காட்டுது

கிரிஷாந்த்: எனக்கு நாளைக்கு எக்ஸாம் அண்ணா

ரிஸ்வானா: நான் போடுவன், ஆனா நாளைக்கும் அதே பஸ்ல தானே போகணும், கொண்டக்டருக்கு என்னைத் தெரியும். பேர் வெளிய போனா?

தேவன் மாமா: ரிஸ்வானா நீ போட வேண்டாம்

மாலினி: என்ட பேரில போடு ஜெனி. விலாசமும் என்டதையே போடு, கடிதம் வந்தா கேட்டில நிக்கிற வோச்சர் என்னட்டத் தருவார். ஐடி படம் தேவையெண்டா உனக்குத் தனியா அனுப்பிறன், குரூப்பில போட மாட்டன், அதில என்ட படம் பாக்கேலாது

ஜெனி: ஐடி தேவையில்ல ஆன்டி, கையெழுத்துக் காணும். நாளைக்கு ஃபோம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாறன்

மாலினி: 6 மணிக்குப் பிறகு வா. அதோட சிவா, இனி மோட்டரக் கதை, எங்கட மாடிக்குத் தண்ணி ஏறேல்ல